கவிழ்த்த வாளி

கடைசிப் பிள்ளை நாலு நாற்பதுக்கு இறங்குவான்.
பேருந்தைக் கொட்டகையில் விட்டு
என் காருக்கு மாறியதும் ஆரம்பிக்கும்.
ஏரிப் பக்கம் இடது திரும்பினால் மதுக்கடை.
வலது திரும்பினால் வீடு.
வீட்டில் யாரும் இல்லை என்பதால்
வலதும் கொஞ்சம் இடதுதான்.

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
டுலூத் ஊரில் மட்டும் வாரத்துக்கு அத்தனை கூட்டங்கள்.
குடிக்கவே இத்தனை இடம் தெரியாதே எனக்கு
என்று சிரித்தேன்.
நர்ஸ் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை, லூத்தரன் தேவாலயத்து நிலவறை.
ஆறாவது படியில் ஒரு குரல் கேட்டு நின்றேன்.
என் பேருந்தில் வரும் இரட்டையரின் அப்பா.
தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
மேலே ஓடிவந்து காரில் உட்கார்ந்து
கண்ணாடியைத் துடைத்தேன்,
சுத்தமாக இருந்த கண்ணாடியை.
மறுநாள் காலை வழக்கம்போல
பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கையசைத்தார்.
நானும் அசைத்தேன்.
அவரைப் பற்றி எனக்குத் தெரியும்,
என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது.
திருடியதுபோல் இருந்தது.

பெண்கள் மட்டும் கூடும் இடம் ஒன்று.
மெழுகுவத்தி, பூப்போட்ட கோப்பைகள்.
எல்லாரும் அழுதார்கள், அழகாக.
எனக்குத் தும்மல்தான் வந்தது.
திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரு பொல்லாதவள்
அவர்கள் பூட்ஸுக்கு விலை போட்டபடி வந்தாள்.

புதன் கூட்டம் இரவு எட்டுக்கு.
நாலு நாற்பதுக்கும் எட்டுக்கும் நடுவில்
மூன்று மணி இருபது நிமிடம்.
அது தாளில் அச்சாகவில்லை.
அந்தப் புதன் நான் கூட்டத்துக்குப் போகவில்லை.
எங்கே போனேன் என்பதை
இதில் எழுதப்போவதும் இல்லை.

வியாழன் விடியுமுன் தாளின் அடியிலிருந்த எண்ணை அழைத்தேன்.
ஒரு கிழட்டுக் குரல், எதையோ மென்றுகொண்டே,
"எந்த நேரம் உன்னைக் கடிக்குது?" என்றது.
ஐந்து மணி, என்றேன்.
எந்த ஊர், எந்த மதம், எத்தனை நாளாக
என்றெல்லாம் கேட்கவில்லை.
"கஸ்ட்டோட தூண்டில் கடைக்குப் போ.
தாளில் இருக்காது. நாறும்."

நாறியது.
தொட்டி தொட்டியாய்ப் பொடிமீன்கள்,
பனிக்கட்டியில் துளைபோடும் இயந்திரங்கள்,
நிற்காமல் முனகும் காற்றுப் பம்பு.
நான்கு நாற்காலி, நான்கு பேர்.
இரும்புத்தாதுக் கப்பலில் சமைத்த வெர்னெல்,
பல் மருத்துவர் ஐனோ,
கஸ்ட்,
கையில் மாவுக்கட்டோடு பத்தொன்பது வயசுப் பையன்,
பெயர் டாரில்.
கட்டின்மேல் யாரோ மீன் வரைந்திருந்தார்கள், மோசமாக.

ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம்,
நீல விளக்கெரியும் மதுக்கடை.
இப்படியா இடம் பார்ப்பார்கள்?
கஸ்ட் என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளியை எடுத்து
மிச்சத் தண்ணீரைக் கொட்டி
கவிழ்த்துப் போட்டார்,
என் முதுகு ஜன்னலுக்கு வரும்படி.

நான் பேசவில்லை.
வெர்னெல் பேசினாள், பாதியும் முழங்கால் வலி பற்றி.
ஐனோ கொஞ்சம் தூங்கிவிட்டார்.
டாரில் மட்டும், "இன்னைக்கு மூணாவது நாள்" என்றான்.
யாரும் கைதட்டவில்லை.
பம்பு ஓடிக்கொண்டிருந்தது.
ஆறு மணிக்குக் காப்பி. படுமோசம்.
இரண்டு குவளை குடித்தேன்.

அடுத்த வியாழன் டாரில் வரவில்லை.
ஐந்தே காலுக்கு கஸ்ட் கதவைத் திறந்து
பனி கொட்டும் தெருவை இருபக்கமும் பார்த்தார்.
ஐந்தரைக்கு மறுபடியும்.
"நாற்காலி காலியாத்தானே இருக்கு,
உட்காரேன்" என்றாள் வெர்னெல்.

பரவாயில்லை, என்றேன்.
என் பெயர் லோர்னா, என்றேன்.
வாளி விளிம்பு தொடையில் அழுத்த,
எங்கள் நால்வருக்கும் நடுவில்
அந்த நாற்காலி அப்படியே இருந்தது.